அரிவாள், சோகை, ஒடுங்கு, கடத்தி: ஒரு மரபியல் குறிப்பேட்டின் நிகழ்வு ஆய்வு

பத்தாம் வகுப்பு மரபியல் பாடம் முடிந்த வாரம், "எனக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை" என்று நான்கு பக்கம் எழுதச் சொன்னால் என்ன வரும்? நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்து மலைப்பள்ளி மாணவி ஒருவரின் குறிப்பேடாக இந்த ஆய்வு அதை வைத்துக்கொள்கிறது. மாணவி கற்பனை, தனிப்பட்ட எந்தப் பிள்ளையின் நோட்டையும் இங்கே திறக்கவில்லை. ஆனால் அந்த நோட்டில் வரும் வரிகள் மரபியல் நடத்துகிறவர்களுக்குப் பழகிய வரிகள்.

குறிப்பேடு பேசுவது கதிர் அரிவாள் சோகை பற்றி: மரபணு மாற்றத்தால் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய். கூடலூரை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் கதிர் அரிவாள் பண்பு முதன்முதலில் பதிவான இடங்களில் நீலகிரி ஒன்று. 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். ஆகவே, பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடும் இந்த நோய், இந்த வகுப்பறையின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அங்கே ஒரு சொல் பிசகினால் அது மதிப்பெண்ணோடு நின்றுவிடாது.

குறிப்பேட்டில் இருக்கும் தப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மாணவி கவனக்குறைவாகப் படிக்கவில்லை. மிகக் கவனமாக, சொல்லுக்குச் சொல் படித்திருக்கிறார். சொற்கள்தான் அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

"சிவப்பணு அரிவாள் போல ஆகி இரத்தக் குழாயை வெட்டிவிடும்"

அரிவாள் என்றால் வெட்டும். தமிழ்ப்பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? இந்தப் பெயர் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். 1904இல் கிரனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற மாணவர் மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னெஸ்ட் அயன்ஸ் அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, நீண்டு வளைந்த சிவப்பணுக்களைக் கண்டார். அவருக்கு மேலிருந்த ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதை வெளியிட்டார். அந்த வளைவுதான் பெயராகிப் போனது. மருத்துவ ஏட்டில் பதிவான முதல் நோயாளிகளில் ஒருவரான நோயலும் ஒரு மாணவர்தான் என்பதை வகுப்பில் சொல்லத் தவறக்கூடாது. படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவம் பார்த்த அவர், 1916இல் நுரையீரல் அழற்சியில் இறந்தார்.

உண்மையில் நடப்பது அடைப்பு. சாதாரணச் சிவப்பணு ஏறக்குறைய 7 முதல் 8 மைக்ரோமீட்டர் அகலம். தன்னைவிடக் குறுகிய தந்துகிக்குள்ளும் மடங்கி வளைந்து போய்விடும். இந்த நோயில் ஆக்ஸிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகின்றன. இழை உள்ளிருந்து அணுவை நெட்டித்தள்ள, அது விறைத்துப்போகிறது. மறுபடி ஆக்ஸிஜன் கிடைத்தால் முதலில் பழைய வடிவத்துக்கே திரும்பும். பலமுறை இப்படி ஆனபின் திரும்புவதில்லை. விறைத்த அணுக்கள் குறுகிய குழாயில் சிக்கிக்கொள்ள, அதற்கு அப்பால் இரத்தம் போகாத எலும்பும் தசையும் வலிக்கின்றன. வலிக்குக் காரணம் அதுதான்.

இதைக் காட்ட ஒரு புனல் போதும். கழுத்து விட்டம் 1 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் புனல், 100 கிராம் கடுகு, 3 செ.மீ. நீளத்தில் நறுக்கிய ஈர்க்குத் துண்டுகள் 20. முதலில் கடுகை மட்டும் கொட்டினால் சரசரவென்று இறங்கிவிடும். பிறகு ஈர்க்கைக் கலந்து கொட்டினால் கழுத்தில் இரண்டு மூன்று துண்டு குறுக்கே விழும், பின்னால் வரும் கடுகும் நின்றுவிடும். நல்ல கடுகும் சேர்ந்து நிற்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும், இந்தச் சோதனையே அதற்குத்தான். துண்டை 1 செ.மீ.க்குக் குறைவாக நறுக்கினால் அடைக்காமல் போய்விடும். சோதனை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: ஈர்க்கு எப்போதும் ஈர்க்குதான், சிவப்பணுவோ வடிவம் மாறி மாறி வரும், குழாய்ச் சுவரில் ஒட்டவும் செய்யும்.

"சோகை என்பதால் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் சரியாகும்"

குறிப்பேட்டிலேயே ஆபத்தான வரி இது. சோகை என்றதும் இரும்புச்சத்து என்று ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம். இங்கே சிவப்பணு போதாமல் இருப்பது இரும்பு இல்லாததால் அல்ல. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோவதால். உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்கி மறுபடி பயன்படுகிறது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது.

எனவே, வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை இந்த நோய் உள்ள பிள்ளை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பரிசோதனையில் இரும்புக் குறைவு தெரிந்தால் அவர்களுக்கும் இரும்பு தருவார்கள். தெரியாமல் தருவதுதான் தப்பு. வழக்கமாகக் கொடுப்பது ஃபோலிக் அமிலம், புதிய அணுக்களை ஓயாமல் செய்ய அது தேவை. கீரை சாப்பிடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. கீரையால் இந்த நோய் தீரும் என்ற வரியைத்தான் அடிக்க வேண்டும்.

இதே பக்கத்தில் மாணவி கேட்டிருக்கிறார்: "பிறக்கும்போதே உள்ள நோய் என்றால் ஏன் குழந்தைக்கு முதலில் ஒன்றும் தெரிவதில்லை?" அருமையான கேள்வி. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பெரும்பகுதி கருக்கால ஹீமோகுளோபின். நோய்க்குரிய மாற்றம் பெரியவர்களின் ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா சங்கிலி என்ற புரதப் பகுதியில் இருக்கிறது, கருக்கால வகையில் அந்தச் சங்கிலியே கிடையாது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அது குறைந்து பெரியவர்களின் வகை மேலோங்கும்போதுதான் கையும் காலும் வீங்கி வலிக்கத் தொடங்கும். இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து வேலை செய்யும் விதமும் இதில் அடங்கியிருக்கிறது: நின்றுபோன கருக்கால ஹீமோகுளோபினை உடம்பு மறுபடி கொஞ்சம் செய்யும்படி அது தூண்டுகிறது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையின் குறியும் அதுவே. தவறான பீட்டா மரபணுவை அது திருத்துவதில்லை; கருக்கால வகையை அடக்கிவைக்கும் பூட்டைத் தளர்த்துகிறது. ஒரு பிள்ளையின் கேள்வியிலிருந்து இவ்வளவு தூரம் போகலாம் என்றால், பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாமே.

"ஒடுங்கு மரபணு பலம் குறைந்தது. அதனால் ஓங்கு மரபணு அதை அடக்கிவிடும்"

ஒடுங்கிப்போனவன், ஓங்கியவன். சொல்லிலேயே சண்டை இருக்கிறது. மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்குவதில்லை. அப்பாவிடமிருந்து ஒரு செய்முறை, அம்மாவிடமிருந்து ஒரு செய்முறை, இரண்டையும் செல் படிக்கிறது. ஒரே ஒரு பிரதி மாறியிருப்பவரின் சிவப்பணுவில் இரண்டு வகை ஹீமோகுளோபினும் இருக்கும். மாறிய வகை பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம். சாதாரண வகை கலந்திருப்பதால் அன்றாடச் சூழலில் இழை நீள்வதில்லை, ஆள் நோயில்லாமல் இருக்கிறார். நோய் என்ற அளவில் பார்த்தால் ஒடுங்கு: இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் நோய். மூலக்கூறு என்ற அளவில் பார்த்தால் இரண்டும் சமம். 1949இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் இரத்தத்தை மின்புலத்தில் ஓடவிட்டபோது, நோயாளியின் ஹீமோகுளோபின் சாதாரண வகையிலிருந்து மாறி நகர்ந்தது. ஒரு பிரதி மட்டும் உள்ளவரிடம் இரண்டின் கலவையும் தெரிந்தது. புரதக் கோளாறே நோய்க்குக் காரணம் என்று காட்டப்பட்ட முதல் நோய் இது.

மாற்றத்தின் அளவையும் சொல்ல வேண்டும். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலம். ஒவ்வொன்றுக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்து வீதம் 438 எழுத்து. அதில் ஒரே ஓர் எழுத்து: ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. 1956-57இல் வெர்னன் இங்க்ராம் இதைக் கண்டுபிடித்தார். குளுட்டாமிக் அமிலம் நீரோடு சேரும். வாலின் நீரை விலக்கி, பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஒட்டல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாணவர்கள் இங்கே இரண்டு இடத்தில் இடறுகிறார்கள். ஒன்று, ஜிஏஜி எழுத்தை வார்ப்பு இழை (ஆர்என்ஏ நகலுக்கு அச்சாக இருக்கும் டிஎன்ஏ இழை) என்று நினைத்து அதற்கு எதிர் எழுத்துகளை ஆர்என்ஏ என்று எழுதுவது. வார்ப்பு இழையில் இருப்பது சிடிசி. அது சிஏசி ஆகும்போதுதான் ஆர்என்ஏவில் ஜிஏஜி போய் ஜியூஜி வரும். இரண்டு, இணையத்தில் தேடியவர்கள் "ஆறாவது இல்லை, ஏழாவது" என்று வாதிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரியே. தொடக்கத்தில் வைத்துப் பின் வெட்டப்படும் மெத்தியோனினையும் எண்ணினால் ஏழு. பழைய கணக்கில் ஆறு. இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

"அப்பா, அம்மா இருவரும் கடத்தி என்றால் நான்கு குழந்தையில் ஒன்றுக்கு நோய் வரும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் மற்ற மூன்றும் தப்பித்துவிடும்"

கடத்தி என்றால் மாறிய பிரதி ஒன்று மட்டும் உள்ளவர். பெற்றோரின் பிரதிகள் சேரும் விதங்களைக் காட்டும் புன்னட் கட்டத்தில் நான்கு அறை. நான்கு அறை நான்கு பிள்ளைகளாகத் தெரிவது இயல்பே. இந்தத் தப்பு வீட்டுக்குப் போனால், "ஒரு பிள்ளைக்கு வந்தாச்சு, இனி பயமில்லை" என்று அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடும் முடிவாகிவிடும். ஒவ்வொரு பிறப்புக்கும் தனித்தனியே நான்கில் ஒரு வாய்ப்பு. முன்னால் பிறந்தது எது என்று கருமுட்டைக்குத் தெரியாது.

இதைக் கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் நிற்காது. கையால் செய்தால் நிற்கும். இரண்டு பேருக்கு இரண்டு டம்ளர். ஒவ்வொன்றிலும் 10 வெள்ளைப் பொத்தான், 10 சிவப்புப் பொத்தான். சிவப்பு மாறிய பிரதி; இரண்டும் சிவப்பாக வந்தால் நோயுள்ள குழந்தை. பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுத்துச் சேர்த்தால் ஒரு குழந்தை. எழுதிக்கொண்டு, பொத்தானைத் திரும்பப் போட்டு, குலுக்கி அடுத்தது. நான்கு குழந்தை சேர்ந்தால் ஒரு குடும்பம். 40 பேர் வகுப்பில் 20 ஜோடி, ஜோடிக்கு நான்கு குடும்பம், ஆக 80 குடும்பம், 320 குழந்தை. இருபது நிமிடத்தில் முடியும்.

பலகையில் குடும்பங்களை எண்ணினால் ஏறக்குறைய இப்படி வரும்: நோயுள்ள குழந்தையே இல்லாத குடும்பம் 25, ஒரு குழந்தைக்கு நோய் உள்ளது 34, இரண்டு குழந்தைக்கு 17, மூன்றுக்கு 4. நான்கு பிள்ளைக்கும் நோய் வருவது 256இல் ஒன்று, பெரும்பாலும் கண்ணில் படாது. "நான்கில் ஒன்று" என்ற சூத்திரத்தின்படி அச்சாக அமைந்த குடும்பம் பாதிக்கும் குறைவு. மாணவர்கள் வாயடைத்துப் பார்க்கும் இடம் அந்த 25. கடத்திப் பெற்றோர், நான்கு பிள்ளை, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. "எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது" என்ற பேச்சு எப்படிப் பிறக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

என்னென்ன கெடும்? பொத்தானைத் திரும்பப் போடாவிட்டால் கணக்கு சாயும். டம்ளரில் இரண்டே பொத்தான் வைத்துத் திரும்பப் போடாமல் எடுத்தால், இரண்டாவது குழந்தை எப்போதும் முதல் குழந்தைக்கு நேர் எதிராக வந்து, ஒழிக்க நினைத்த தப்பையே உறுதிப்படுத்தும். புளியங்கொட்டையும் அவரைக்கொட்டையும் கலந்தால் விரல் கண்டுபிடித்துவிடும். அளவும் வழவழப்பும் ஒன்றாக, நிறம் மட்டும் வேறாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, சில பிள்ளைகள் தங்கள் எண்ணைத் திருத்திப் பாடநூல் விகிதமான 1:2:1க்குக் கொண்டுவருவது. வாங்கிய எண்ணை அப்படியே எழுதினால்தான் மதிப்பெண் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"கடத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் பரவுமா?"

கடத்தி என்ற சொல்லை இந்தப் பிள்ளை இதுவரை எங்கே படித்திருக்கிறார்? இயற்பியலில் செம்பு மின்கடத்தி. நலவியலில் அனாஃபிலஸ் கொசு நோய்க்கடத்தி. மூன்றாவதாக மனிதரையே கடத்தி என்றால், கொசுவின் இடத்தில் ஒரு வகுப்புத்தோழியை உட்காரவைத்ததாக ஆகிறது. இந்தச் சொல்லுக்குப் பதிலாக "ஒரு பிரதி உள்ளவர்" என்று சொல்லிப் பழகினால் குழப்பம் பாதியாகக் குறையும். தேர்வில் மட்டும் பாடநூல் சொல் எழுதட்டும். தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இது வராது. பெற்றோரிடமிருந்து மட்டுமே வரும்.

சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. அமெரிக்காவில் 1970களின் பரிசோதனை அலையில் ஒரு பிரதி உள்ளவர்களையும் நோயாளிகளாக எண்ணி வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கினார்கள். விமானப்படை அகாதமி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. நோயையும் ஒரு பிரதியையும் பிரித்துச் சொல்லாததன் விலை அது.

அடுத்த வரி: "மாமன் மகனைக் கட்டினால் இந்த நோய் வரும்." சொந்தம் நோயை உண்டாக்காது, ஒரே பாட்டியின் பிரதி இரண்டு பக்கமாக வந்து சேரும் வாய்ப்பைக் கூட்டும். பாட்டிக்கு ஒரு பிரதி, வேறு யாருக்கும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் மணந்தால் குழந்தைக்கு நோய் வர 64இல் ஒன்று. தாய்மாமனையே மணந்தால் 32இல் ஒன்று. இருவரில் ஒருவரிடம் மாறிய பிரதி இல்லையென்றாலே போதும், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் இரண்டு பிரதியும் மாறிய (எஸ்எஸ்) குழந்தை பிறக்காது. மறுபக்கம், ஐந்தில் ஒருவரிடம் பிரதி இருக்கும் ஊரில், சொந்தமே இல்லாத 25 ஜோடியில் ஒன்று இருபக்கமும் பிரதி உள்ள ஜோடியாக அமையும். அந்நியத்தில் கட்டியதால் தப்பினோம் என்று அங்கே சொல்ல முடியாது.

மலேரியா பற்றி மாணவி எழுதியது: "மலேரியாவைத் தடுக்க உடம்பு இந்த மரபணுவை உருவாக்கியது." உடம்பு எதையும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. எழுத்து தற்செயலாக மாறியது. மலேரியாக் காட்டில் ஒரு பிரதி உள்ள குழந்தைகள் கடும் மலேரியாவில் சாகாமல் அதிகம் பிழைத்தார்கள். அவர்கள் வழியே மாற்றம் நிலைத்தது. 1954இல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். வயநாட்டையும் கூடலூரையும் காய்ச்சல் பூமி என்று வெளியூரார் அஞ்சிய காலம் இங்கும் இருந்தது. இது ஓர் இனத்தின் குறை என்று எழுதும் கையைத் தடுக்க இந்த ஒரு பத்தி வேண்டும். கிரீசிலும் சவூதியிலும் இதே பிரதி உண்டு.

வீட்டுப்பாடம் கொடுக்கும்போது

"உன் குடும்ப மரபுவழி வரைபடம் வரைந்து வா" என்பது வேண்டாம். தத்துப் பிள்ளை, வேறு தந்தை, மறைத்துவைத்த நோய் எல்லாம் அந்தத் தாளில் வெளியே வந்துவிடும். நாக்கைச் சுருட்டும் பயிற்சியும் அப்படித்தான். மரபியலாளர் ஸ்டர்டவண்ட் 1940இல் அதை ஓங்கு பண்பு என்றார். 1952இல் மேட்லாக் 33 ஜோடி ஒத்த இரட்டையரைப் பார்த்தபோது 7 ஜோடியில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணு உள்ளவர்களே வேறுபட்டால் அது எப்படி ஒற்றை மரபணுப் பண்பாகும்? இதை நம்பி, "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வரவில்லை, எனக்கு மட்டும் எப்படி வருகிறது" என்று ஒரு பிள்ளை இரவெல்லாம் யோசிக்கக் கூடாது. ஆசிரியர் தானே உருவாக்கிய மூன்று தலைமுறை வரைபடத்தைக் கொடுப்பதே நல்லது.

நோய் இருப்பது தெரிந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், பாடத்தைவிட முக்கியம் சில அன்றாட ஏற்பாடுகள். தண்ணீர் பாட்டில் எப்போதும் மேசைமேல் இருக்கட்டும். சிறுநீரகம் சிறுநீரைச் சுண்டவைக்க முடியாததால் அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி சிறுநீர் வரும். கழிப்பறைக்குக் கேட்டால் உடனே அனுப்ப வேண்டும், "இப்போதுதானே போனாய்" என்ற கேள்வி கூடாது. மழையில் நனையவிடக் கூடாது, ஊட்டிக் குளிரில் காலை அணிவகுப்புக்கு ஸ்வெட்டர் இல்லாமல் நிறுத்தக் கூடாது. விளையாட்டு உண்டு, ஆனால் மூச்சு வாங்கும்போது நிறுத்தும் உரிமையோடு. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மாத்திரை கொடுத்து உட்காரவைப்பது தப்பு. மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடுவதால் கிருமி இரத்தத்தில் வேகமாகப் பெருகும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் கை கால் மரத்துப்போதல் என்றால் தாமதமே கூடாது.

குறிப்பேட்டின் கடைசி வரி

"எனக்கு இருக்கிறதா என்று எங்கே பார்க்கலாம்?" பென்சிலால் எழுதிப் பாதி அழித்திருந்தால் இந்த வரி எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக்கொள்வோம். பதில் தனியாகத்தான் சொல்ல வேண்டும், வகுப்பில் வாசித்து அல்ல.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப்பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. முதல் சோதனை பெரும்பாலும் கரைதிறன் சோதனை: சோடியம் டைதயோனைட் கலந்த 2 மில்லி கரைசலில் 20 மைக்ரோலிட்டர் இரத்தம், 5 நிமிடம் காத்திருப்பு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை. கோடு தெளிவாகத் தெரிந்தால் இல்லை. கலங்கி மறைந்தால் மாறிய ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒரு பிரதியா இரண்டு பிரதியா என்று இந்தக் கலங்கல் சொல்லாது. கரைசல் பழசானாலும், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாவிட்டாலும், இரத்தம் மிகக் குறைந்திருந்தாலும் இருப்பதை இல்லை என்று காட்டக்கூடும். சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் எந்த முடிவையும் நம்ப முடியாது. ஆகவே கலங்கினால் அங்கேயே முடிவு சொல்லாமல், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது மின்புல நகர்ச்சி (எலக்ட்ரோஃபோரெசிஸ்) சோதனைக்கு இரத்தம் அனுப்ப வேண்டும்.

முடிவுத்தாளில் ஏஏ, ஏஎஸ், எஸ்எஸ் என்று வரும். ஏ சாதாரணப் பிரதி, எஸ் மாறிய பிரதி. ஏஎஸ் என்றால் மருந்து எதுவும் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ துணைவருக்கும் ஒருமுறை சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். எஸ்எஸ் என்றால் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். தாள் மூடிய உறையில் மாணவியிடமும் பெற்றோரிடமும் மட்டுமே போக வேண்டும், பள்ளிப் பதிவேட்டில் ஒட்டக் கூடாது. உறுதிச் சோதனையில் வந்த இந்த முடிவு வயதோடு மாறுவதில்லை. அந்தத் தாளை ஆதார் அட்டையோடு வைத்துக்கொண்டால் இருபது வருடம் கழித்தும் அதுவே செல்லும்.